அத்தியாயம் 6: ஒரு கடிதம், ஓர் அடையாளம்

2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நள்ளிரவு கழிந்து அரை மணி ஆனபோது இலங்கையின் கடிகாரங்கள் திரும்பவும் 12 மணிக்கு வைக்கப்பட்டன. கிறீன்விச் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த நாடு அன்று முதல் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. ஆகவே அந்த இரவில் 12.00 முதல் 12.30 வரையான அரை மணி நேரம் இரண்டு முறை வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி 12.10க்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பி, அதன் அடையாளமாக உள்ளூர் நேரத்தை 20060415001000 என்று பொறித்திருந்தால், சரியாக அரை மணி கழித்து அனுப்பிய வேறொரு மின்னஞ்சலும் அதே எண்ணோடு போயிருக்கும். பெறுகிற பக்கத்தில் இரட்டைப் பிரதிகளை நீக்கும் மென்பொருள் இருந்தால், இரண்டாவது கடிதத்தை முதலாவதின் நகல் என்று எண்ணிக் கழித்துவிடும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது.

கடிதத்துக்கு அடையாளம் கொடுப்பது மின்னஞ்சல் மென்பொருளில் மிகச் சிறிய பகுதி. பத்து வரிக்குள் எழுதிவிடலாம். அந்தப் பத்து வரி பிழைத்தால் தொலைவது ஒருவருடைய கடிதம் என்பதால்தான் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

மெசேஜ்-ஐடி என்ற வரி

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்றொரு வரி உண்டு. கோண அடைப்புக்குள், நடுவில் @ குறியோடு, பார்வைக்கு மின்னஞ்சல் முகவரி போலவே இருக்கும். 1982இல் டேவிட் குரோக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822 என்ற இணையத் தர ஆவணம், விரும்பினால் இதைச் சேர்க்கலாம் என்றது. 2008இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5322 ஒவ்வொரு கடிதத்திலும் இது இருப்பதே முறை என்கிறது. உலகில் வேறெந்தக் கடிதத்துக்கும் அதே ஐடி இருக்கக்கூடாது என்பதையோ கட்டாயமாக்குகிறது. அந்தப் பொறுப்பு முழுவதும் ஐடியை உருவாக்கும் கணினியின் தலையில்தான். மேலிருந்து எண் வழங்கும் தலைமைக் கந்தோர் எதுவும் இல்லை.

இந்த வரியை நம்பி மூன்று வேலைகள் நடக்கின்றன. பதில்களை மூலக் கடிதத்தின் கீழே கோத்துக் காட்டுவது முதலாவது. ஒரே கடிதம் இரண்டு வழியாக வந்து சேர்ந்தால் ஒன்றை மட்டும் காட்டுவது இரண்டாவது. "அனுப்பினேன், வரவில்லை" என்று ஒருவர் முறையிடும்போது சேர்வர் பதிவேடுகளில் அந்தக் கடிதத்தின் தடத்தைத் தேடுவது மூன்றாவது.

தபால் கந்தோரில் வெளிநாட்டுக்கு ஒரு பதிவுத் தபாலைக் கொடுக்கும்போது அதில் ஒட்டும் சிட்டையைப் பாருங்கள். உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்-10 தரப்படி முதலில் இரண்டு எழுத்து, பிறகு எட்டு இலக்கத் தொடர் எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. நம் நாட்டுக்கு அது 'எல்.கே.' இலங்கைத் தபால் திணைக்களம் தன் எண்கள் தமக்குள் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். கனடாவின் எண்ணோடு மோதிவிடுமோ என்று ஒட்டாவாவைக் கேட்கத் தேவையில்லை. மெசேஜ்-ஐடியில் @ குறிக்கு வலப்பக்கம் நிற்கும் ஆள்களப் பெயர் செய்வதும் இதே வேலைதான்.

ஆகவே வலப்பக்கத்தில் உங்கள் நிறுவனத்துக்கு உரிமையான ஆள்களப் பெயரையே போடுங்கள். பைத்தன் மொழியில் மின்னஞ்சல் நூலகத்தின் ஐடி உருவாக்கும் செயற்பாட்டுக்கு நீங்கள் ஆள்களத்தைக் கொடுக்காவிட்டால், அது கணினியின் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ, விண்டோஸ் தானாக வைத்த ஒரு பெயராகவோ இருக்கும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயர் உலகில் எத்தனையோ இலட்சம் கணினிகளுக்கு உண்டு. தண்டர்பேர்ட் அஞ்சல் செயலி அனுப்புநர் முகவரியில் உள்ள ஆள்களத்தை எடுத்துக்கொள்கிறது, அதைப் பின்பற்றலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஐடி முகவரி போலத் தோன்றுவதால், முகவரி பொறுக்கும் எரிதக்காரர்கள் அதையும் சேர்த்தே பொறுக்குகிறார்கள். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி உங்கள் அஞ்சல் சேர்வரை வைத்திருந்தால் குப்பை குவியும். ஐடிகளுக்கென்று, அஞ்சல் பெறாத ஒரு துணை ஆள்களத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.

நேரத்தை நம்பலாமா

@ குறிக்கு இடப்பக்கம் என்ன போடுவது? பழைய வழக்கம் நேரமும் கணினியில் ஓடும் செயல்முறை எண்ணும். ஆர்.எஃப்.சி. 5322 கூட இதை ஒரு வழியாகச் சொல்கிறது. இந்த வழக்கம் பிறந்தது இரவு பகலாக நிற்காமல் ஓடிய பெரிய பல்கலைக்கழகக் கணினிகளில். நம்முடைய நிலைமை வேறு.

இந்தத் தீவு நேரத்தோடு பட்ட பாட்டைப் பாருங்கள். 1996 மே 25இல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே வந்தது. யாழ் குடாநாடு அப்போது அரச கட்டுப்பாட்டில் இருந்தபடியால் புதிய நேரத்துக்கு மாறியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மாறவில்லை. பழைய ஐந்தரை மணியையே வைத்திருந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு கட்டுப்பாட்டு எல்லையான முகமாலைக்கு இப்பால் ஒரு நேரம், அப்பால் அரை மணி பின்தங்கிய இன்னொரு நேரம். கிளிநொச்சியில் எழுதிய பதில், யாழ்ப்பாணத்தில் எழுதிய கேள்விக்கு முன்பே எழுதப்பட்டதுபோலத் தோன்றக்கூடிய காலம் அது. உள்ளூர் நேரத்தை வைத்துக் கடிதங்களை வரிசைப்படுத்தும் எந்த மென்பொருளும் இங்கே தடுமாறியிருக்கும். ஒரு நாட்டுக்குள் நேரம் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு யாரும் நம் மண்ணில் மென்பொருள் எழுதக்கூடாது.

உலகப் பொது நேரத்தைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீரும், மற்றவை தீரா. தாய்ப்பலகையில் உள்ள சில்லறைக்காசு அளவு பற்றரி செத்துப்போன கணினி, மின்சாரம் போய்வந்தவுடன் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாடசாலைகள் மலிவாக வாங்கும் ராஸ்பெரி பை கணினியின் முதல் நான்கு தலைமுறைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரமே இல்லை. இணையம் கிடைத்து நேரத்தைச் சரிசெய்யும்வரை அது சொல்வது பழைய நேரம். இணையம் வந்ததும் கடிகாரம் திடீரென்று தாவும், சில வேளைகளில் பின்புறமாகவும்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஒரு பாடசாலைக் கணினிக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கணினிகள். தொழில்நுட்பவியலாளர் ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவிவிட்டு, அந்த வன்தட்டை மற்றப் பத்தொன்பதுக்கும் நகலெடுக்கிறார். எல்லாருடைய நடைமுறையும் இதுதான், பிழையொன்றும் இல்லை. இப்போது இருபதுக்கும் ஒரே பெயர், ஒரே அமைப்பு. மின்சாரம் போகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. மின்சாரம் திரும்பி வந்ததும் இருபது கணினிகளும் ஒரே கணத்தில் எழும்புகின்றன. செயல்முறை எண்கள் ஒரே ஒழுங்கில் கொடுக்கப்படுகின்றன. அஞ்சல் செயலி தானாகத் தொடங்கி, தேங்கி நின்ற கடிதங்களுக்கு ஐடி கொடுக்கிறது. நேரம் ஒன்று, செயல்முறை எண் ஒன்று, கணினிப் பெயர் ஒன்று. தனித்தன்மைக்கு நீங்கள் நம்பியிருந்த மூன்று தூண்களும் ஒரே நொடியில் விழுந்துவிட்டன. முகில் சேவைகளில் ஒரு மெய்நிகர் கணினியை நகலெடுத்துப் பத்தாக ஓட்டும்போதும் இதே கதைதான்.

தற்போக்கு எண்

ஆகவே இடப்பக்கத்தின் முதுகெலும்பாகத் தற்போக்கு எண் (ரேண்டம் எண்) இருக்கட்டும். நேரத்தையும் சேர்க்க விரும்பினால் சேருங்கள். பதிவேட்டில் தேட உதவும். ஆனால் நேரத்தை முழுதாக எடுத்துவிட்டாலும் ஐடி தனித்து நிற்கவேண்டும்.

எவ்வளவு நீளம்? 32 பிட் தற்போக்கு எண் மட்டும் வைத்தால், ஏறக்குறைய 77,000 கடிதங்களிலேயே எங்கோ இரண்டு மோதியிருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு வைத்தியசாலையோ கூட்டுறவுச் சங்கமோ சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும். 64 பிட் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 500 கோடி. 128 பிட் என்றால் இரண்டு இலட்சம் கோடி கோடி. அதற்குமேல் கவலைப்படத் தேவையில்லை. 128 பிட்டை பதினாறடி எண்ணில் எழுத 32 எழுத்தும், இலக்கங்களும் சிறிய ஆங்கில எழுத்துகளும் கலந்த 36 அடி எண்ணில் எழுத 25 எழுத்தும் வேண்டும். நான் பரிந்துரைப்பது இரண்டாவது.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். நிரல் மொழிகளில் விளையாட்டுகளுக்கும் மாதிரிக் கணக்குகளுக்கும் வைத்திருக்கும் சாதாரணத் தற்போக்குச் செயற்பாட்டைத் தொடாதீர்கள். குரோம் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தில் இருந்த பழைய செயற்பாடு பலவீனமானது என்று தெரிந்து 2015இல் அதை மாற்றவேண்டி வந்தது. அதை நம்பி அடையாளங்கள் உருவாக்கியவர்கள் மோதல்களைக் கண்டார்கள். இயங்குதளம் தரும் மறையீட்டுத் தரத் தற்போக்கு மூலத்தைப் பயன்படுத்துங்கள். லினக்ஸ், விண்டோஸ், அண்ட்ராய்ட் எல்லாவற்றிலும் அது உண்டு. பைத்தனில் 'சீக்ரெட்ஸ்' தொகுதி அதையே எடுத்துத் தருகிறது.

இத்தகைய மூலமும் பழுதாகலாம் என்பதற்கு 2008 மே மாதம் வெளியான டெபியன் லினக்ஸ் பற்றிய செய்தி சான்று. ஓபன்எஸ்.எஸ்.எல். நூலகத்தில் ஓர் எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காக இரண்டு வரிகளை நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு தற்போக்குக்கு மிஞ்சிய ஒரே வேறுபாடு செயல்முறை எண். அதாவது 32,768 வாய்ப்புகள் மட்டுமே. அந்தப் பிழை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. நேரத்தையும் தற்போக்கையும் சேர்த்து வைப்பதற்கு நான் காணும் நியாயம் இதுதான்: ஒன்று விழுந்தாலும் மற்றது ஓரளவு தாங்கும்.

ஊகிக்க முடியாமை வேறொரு வகையிலும் தேவை. யூஸ்நெட் செய்திக்குழுக்களின் காலத்திலேயே இது அனுபவப்பட்ட விடயம். ஒரே ஐடியோடு முன்பே ஒன்று வந்திருந்தால் சேர்வர் அடுத்ததை மறுத்துவிடும். உங்கள் அடுத்த ஐடியை ஒருவர் முன்கூட்டியே கணிக்க முடிந்தால், அதே ஐடியோடு ஒரு பொய்க் கடிதத்தை முந்தி அனுப்பி உங்கள் உண்மைக் கடிதத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

எப்போது கொடுப்பது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்திருங்கள்.

அஞ்சல் அனுப்பும்போது உங்கள் செயலி கடிதத்தின் உடலை முழுதாகக் கொடுத்துவிட்டு, இறுதியில் ஒரு புள்ளி வைத்த தனி வரியை அனுப்புகிறது. சேர்வர் அதைப் பெற்று, கடிதத்தைத் தன் வட்டில் எழுதி, '250' என்ற எண்ணோடு ஏற்புச் செய்தி தருகிறது. அந்த ஏற்புச் செய்தி வழியில் தொலைந்தால்? சேர்வரைப் பொறுத்தவரை கடிதம் வந்துவிட்டது, அனுப்பியும் விடும். உங்கள் செயலியைப் பொறுத்தவரை கடிதம் போகவில்லை. சிறிது நேரத்தில் மறுபடி அனுப்பும். கிறெய்க் பார்ட்ரிட்ஜ் 1988 பெப்ரவரியில் எழுதிய ஆர்.எஃப்.சி. 1047 முழுவதும் இந்த ஒரு சிக்கலைப் பற்றியதுதான். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ கைப்பேசிச் சமிக்ஞை வந்துவந்து போகும் இடத்தில் இருந்து அனுப்புகிறவருக்கு இது நாளாந்த நிகழ்வு.

இந்த இரண்டாவது முயற்சியில் உங்கள் செயலி புதிய ஐடியை உருவாக்கினால், பெறுபவருக்கு இரண்டு கடிதங்கள் போய்ச் சேரும். அவை ஒன்றே என்று அறிய எந்த வழியும் இருக்காது. பழைய ஐடியையே வைத்திருந்தால் பெறும் பக்கம் ஒன்றை நீக்கிவிட முடியும். சாதாரணக் கடிதம் இரண்டு முறை வந்தால் எரிச்சலோடு போகும். ஆனால் "இரண்டு மூடை சீமெந்து அனுப்பவும்" என்ற கட்டளையை மின்னஞ்சலில் வாங்கித் தானாகப் பதிவுசெய்யும் கடை மென்பொருளுக்கு அது நான்கு மூடை.

ஆகவே: பயனர் 'அனுப்பு' பொத்தானை அழுத்திய கணத்தில், வலையமைப்பைத் தொடுவதற்கு முன், ஐடியை ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். கடிதத்தோடு சேர்த்து வெளிச்செல் பெட்டியில், வட்டில் எழுதுங்கள். பிறகு எத்தனை முறை முயன்றாலும், கணினி நின்று திரும்ப எழும்பினாலும், அதே ஐடி. அனுப்பும் செயற்பாட்டுக்குள் ஐடி உருவாக்கும் வரியை வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. பெரும்பாலான மாதிரி நிரல்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வரியை அங்கிருந்து எடுத்து ஒரு படி முன்னால் வையுங்கள்.

கடிதம் மாறினால் ஐடியும் மாறவேண்டும். அனுப்புதல் தோற்றபின் பயனர் கடிதத்தைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினால் அது புதிய கடிதம். ஆர்.எஃப்.சி. 5322 இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு ஐடி ஒரு கடிதத்தின் ஒரு வடிவத்துக்கு மட்டும். முன்னனுப்பும் கடிதத்துக்கும் புதிய ஐடிதான். ஒரு பழைய மாணவர் சங்கம் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ கிளைகளுக்கு ஒரே அறிவித்தலை அனுப்பினால் ஒரே ஐடி போதும். ஒவ்வொருவர் பெயரையும் சந்தா நிலுவையையும் உள்ளே செருகி அனுப்பினால் அவை தனித்தனிக் கடிதங்கள். தனித்தனி ஐடி கொடுங்கள். அங்கே ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டால், ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் கணவன் மனைவிக்கு ஒருவருடைய கடிதம்தான் கிடைக்கும்.

எழுத்துகளும் தமிழ் ஆள்களமும்

இடப்பக்கத்தில் இலக்கங்கள், சிறிய ஆங்கில எழுத்துகள், இடையில் ஒரு புள்ளி. இவ்வளவு போதும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தினால், எல்லாவற்றையும் சிறியதாக்கிச் சேமிக்கும் ஏதோ ஒரு தரவுத்தளத்தில் இரண்டு ஐடிகள் ஒன்றாகிவிடும். சாய்கோடும் கூட்டல் குறியும் தரத்தின்படி செல்லும். ஆனால் ஐடியை ஒரு இணைய முகவரிக்குள் வைக்கும்போது தொல்லை தரும். புள்ளி முதலிலும் கடைசியிலும் வரக்கூடாது, இரண்டு புள்ளி அடுத்தடுத்தும் வரக்கூடாது. முழு வரியும் 78 எழுத்துக்குள் அடங்கட்டும். நீண்ட ஐடியை மடித்து எழுதி, அதைச் சரியாக வாசிக்கத் தெரியாத மென்பொருட்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

2010இல் .இலங்கை என்ற தமிழ் மேல்நிலை ஆள்களத்துக்கு அனுமதி கிடைத்தது நமக்குப் பெருமை. அதில் முகவரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நீங்கள் மென்பொருள் எழுதினால், முகவரியையும் பொருளையும் தமிழில் காட்டுங்கள், தயங்கவேண்டாம். மெசேஜ்-ஐடியில் மட்டும் அந்த ஆள்களத்தின் பியூனிகோட் எனப்படும் ஆங்கில எழுத்து வடிவத்தைப் போடுங்கள். 2012இன் ஆர்.எஃப்.சி. 6532 ஐடியில் தமிழ் எழுத்தை அனுமதிக்கிறது. ஆனால் ஆஸ்கி எழுத்தோடு நிற்பதில் நன்மை உண்டு என்றும் அதுவே சொல்கிறது. உங்கள் ஐடி மற்றவர்களுடைய பதில்களின் தலைப்பகுதியில் ஏறிப் பயணம் செய்யும். தமிழ் எழுத்தை ஏற்காத பழைய சேர்வர் ஒன்று வழியில் இருந்தால் அந்தப் பதில் நின்றுவிடும். ஐடியை மனிதர் வாசிப்பதில்லை. அங்கே தமிழ் இல்லாததால் தமிழுக்கு இழப்பில்லை.

எதைச் சொல்லக்கூடாது

ஐடி எல்லாப் பெறுநர்களுக்கும் போகிறது. பிறகு காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஆகவே அதில் பயனர் பெயர், கணினிப் பெயர், உள்வலை முகவரி எதையும் வைக்காதீர்கள். அடையாள வகைகளில் யூ.யூ.ஐ.டி. முதலாம் பதிப்பு கணினியின் வலையட்டை எண்ணையும் நேரத்தையும் தனக்குள் சுமக்கிறது. 1999இல் மெலிசா வைரஸை எழுதியவரைத் தேடியபோது, வேர்ட் கோப்பில் பதிந்திருந்த இத்தகைய ஓர் அடையாளம் தடயமாக உதவியது. அங்கே குற்றவாளி அகப்பட்டார். அதே வழியில் ஒரு செய்தியாளரும், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக முறைப்பாடு அனுப்பும் தாயும் அகப்படலாம். நம் ஊரில் யார் எந்தக் கணினியிலிருந்து எழுதினார் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த ஆண்டுகள் உண்டு. எனவே யூ.யூ.ஐ.டி.யைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் தற்போக்கான நான்காம் பதிப்பையோ, 2024இல் ஆர்.எஃப்.சி. 9562 தரப்படுத்திய ஏழாம் பதிப்பையோ எடுங்கள்.

பதிலும் இடைச் சேவையும்

பதில் எழுதும்போது மூலக் கடிதத்தின் ஐடியை 'இன்-ரிப்ளை-டு' வரியில் வையுங்கள். மூலக் கடிதத்தின் 'ரெஃபரன்ஸஸ்' பட்டியலை அப்படியே எடுத்து, அதன் முடிவில் அந்த ஐடியையும் சேர்த்து உங்கள் 'ரெஃபரன்ஸஸ்' வரியாக்குங்கள். பிறருடைய ஐடி எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். ஐடியே இல்லாத கடிதம் வந்தால், உங்கள் தரவுத்தளத்தில் உங்களுக்கென்று ஓர் எண் கொடுத்துக்கொள்ளுங்கள், கடிதத்தைத் தொடவேண்டாம்.

மொத்தமாக அனுப்பித்தரும் சில சேவைகள் உங்கள் ஐடியை நீக்கிவிட்டுத் தமது ஐடியைப் போடும். அமேசான் எஸ்.இ.எஸ். அப்படித்தான் செய்கிறது. அது திருப்பித் தரும் எண்ணை உங்கள் ஐடிக்குப் பக்கத்தில் சேமிக்காவிட்டால், பின்னர் வரும் பதிலை எந்தக் கடிதத்தோடு சேர்ப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

வெளியிடும் முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். கணினியின் கடிகாரத்தை அரை மணி பின்னே தள்ளிவிட்டு ஆயிரம் கடிதம் உருவாக்குங்கள். ஒரு மெய்நிகர் கணினியை இரண்டாக நகலெடுத்து ஒரே நேரத்தில் எழுப்பி, இரண்டும் தரும் ஐடிகளை ஒப்பிடுங்கள். கடைசிப் புள்ளி போனதும், ஏற்புச் செய்தி வருமுன் வலையமைப்பைத் துண்டித்து, மறுமுயற்சியில் அதே ஐடி போகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் தேறாத மென்பொருளை ஒரு பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ கொடுக்காதீர்கள்.